பாட்டிலை அசைக்காதீர்கள்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தைக் குழாயில் வரும் தண்ணீரைக் கொண்டு அளந்த காலம் மலையேறிவிட்டது. அந்தத் தண்ணீரைப் பற்றி நடக்கும் கூட்டம் நேரலையில் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பதே இன்றைய அளவுகோல். இந்தப் பேருண்மையை உலகுக்கு உணர்த்திய பெருமை ஒரு குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையைச் சேரும். அந்த அறையில் மொத்தம் முப்பது நாற்காலிகள். கால் ஆடாதவை இருபத்தாறு. வேலை செய்யும் ஆட்கள் எத்தனை என்பது குறித்துத் தரவு இல்லை.

புதன்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு அங்கே 'மக்கள் குறைகேட்பு நேரலை' நடக்கும். மக்கள் வந்து குறையைச் சொல்வார்கள். பொறியாளர் தலையை ஆட்டுவார். தலைமை அலுவலகத்தில் இருக்கும் இயக்குநர் அம்மையார் தம் அறையில் இருந்தபடியே நேரலையைப் பார்த்து, ஸ்பீக்கர் போனில் கருத்துச் சொல்வார். பார்வையாளர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் அலுவலக ஊழியர்கள். பார்க்காவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

இந்த நேரலையை நடத்தியவரை எல்லோரும் 'லைவு' என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்திரண்டு. பதவி 'தற்காலிகக் காணொளி உதவியாளர்'. எட்டு வருடமாகத் தற்காலிகம். கேமரா பிடிக்கும் படத்தை இணையத்தில் போகிற அளவுக்குச் சுருக்கி அனுப்புவதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய லேப்டாப். அதே லேப்டாப்பில்தான் சூப்பிரண்டு கடிதம் அடிப்பார், விடுப்புப் பட்டியல் போடுவார், மீதி நேரம் சீட்டாடுவார். அவர் ஆட்டம் சூடுபிடிக்கும்போதெல்லாம் நேரலையில் பொறியாளரின் முகம் நாலு சதுரமாக உடையும். லைவுக்கு அவமானமாக இருக்கும். வேலையை நேசிக்கிற ஆள்; அந்த அலுவலகத்தில் அது ஒரு குறைபாடாகவே கருதப்பட்டது.

லைவுக்கு ஓர் அக்கா. தெருமுனையில் லாண்டரி வைத்திருந்தார். இரண்டு வாஷிங் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, ஒரு பெரிய லாட்ஜின் வாடிக்கை. அந்த அக்கா ஒரு புதன்கிழமை குறைகேட்புக்கு வந்து, மேசைக்கு முன்னால் நின்று, ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். தம்பி கேமராவுக்குப் பின்னால் நின்றார். ஊழியரின் உறவினர் புகார் கொடுத்தால் புகாரை விட்டுவிட்டு உறவை விசாரிப்பார்கள் என்பதால் இருவரும் முன்பின் தெரியாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

"சார், இது எங்க தெருக் குழாய்த் தண்ணி. ஒன்பது மாசமா இப்படித்தான் வருது. லாட்ஜுக்கு வெள்ளை விரிப்பு தோச்சுக் குடுக்கறவ நான். வெள்ளையாப் போடறேன், டீக்கலர்ல எடுக்கறேன். மாசக் கடைசிக்குள்ள வெள்ளையா வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அந்த ஒரு லாட்ஜ நம்பித்தான் சார் என் கடை ஓடுது."

ஸ்பீக்கர் போன் கரகரத்தது.

"பொறியாளர், அந்தம்மா கையில என்ன?"

"தண்ணி மேடம்."

"தண்ணியா? எனக்குச் செங்கல் மாதிரி தெரியுது."

"ஆமாங்க மேடம், செங்கல் கலர்தான்," என்றார் அக்கா நன்றியுடன்.

"கலரைச் சொல்லலம்மா. சதுரமாத் தெரியுது. படமே இவ்வளவு மங்கலா இருக்கும்போது தண்ணி எப்படி இருக்குன்னு நான் எதை வெச்சு முடிவு பண்றது? பொறியாளர், முதல்ல படத்தைச் சரி பண்ணுங்க."

பொறியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழுது எங்கே இருக்கிறது என்று ஒன்பது மாதமாகத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். அதாவது, தேடிக்கொண்டிருப்பதாகக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தவர். இப்போது இடம் தெரிந்துவிட்டது. பழுது படத்தில் இருந்தது.

அதன் பிறகு அந்த அலுவலகம் காட்டிய வேகத்தை வருங்காலச் சந்ததிகள் நம்ப மாட்டார்கள். அக்கா தெருவின் குழாயை மாற்றும் கோப்பு ஒன்பது மாதமாக மூன்று மேசைகளைத் தாண்டாமல் இளைப்பாறிக்கொண்டிருந்தது. படத்தைச் சரிசெய்யும் கோப்போ நாலே நாளில் பதினான்கு மேசைகளைத் தாண்டியது. "லேப்டாப்ப நம்பாம, தனியா ஒரு என்கோடர் பெட்டி வாங்கிடலாம் சார்," என்று லைவு யோசனை சொன்னார். "கேமரா ஒயர் உள்ள போகும், நெட் ஒயர் வெளிய வரும். படத்தச் சுருக்கி அனுப்பறது மட்டுந்தான் அதுக்கு வேலை. வேற எதையும் தொடாது."

"ஒரே ஒரு வேலைதான் செய்யுமா?" பொறியாளர் வியந்தார். "அப்படி ஒண்ணு நம்ம ஆபீஸ்ல இருந்ததே இல்லையேப்பா."

விலைப்பட்டியலில் 'வெளிப்புற என்கோடர்' என்று போட்டிருந்ததைச் சூப்பிரண்டு கூர்ந்து படித்தார். "வெளிப்புறம்னு இருக்கே. மாடிப்படியில வெக்கணுமா? மழை பட்டா?" என்று கேட்டு, மேலே ஒரு தகரக் கூரை போட மதிப்பீடும் தயாரித்துவிட்டார். லேப்டாப்புக்கு வெளியே என்றுதான் பொருள் என விளக்குவதற்குள் லைவுக்கு ஒரு நாள் போயிற்று. கூரை மட்டும் திட்டமிட்டபடி போடப்பட்டது.

பெட்டி வந்தது. கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு சின்ன விளக்கு. எல்லாம் நன்றாகப் போனால் பச்சை, திணறினால் சிவப்பு. லைவு ஒயர்களைச் செருகி, திரையைப் பார்த்தார். அவருடைய எட்டு வருட வாழ்க்கையில் அப்படி ஒரு படத்தை அவர் அனுப்பியதில்லை. பொறியாளரின் மூக்குக் கண்ணாடியில் இருந்த விரல் ரேகை தெரிந்தது. சூப்பிரண்டின் தலைமுடிச் சாயம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதும் தெரிந்தது. இனி அக்காவின் பாட்டில் மட்டும் தெரியாமல் போகுமா? அன்று சாயங்காலம் அவர் லாண்டரிக்கே போய்ச் சொன்னார்.

"அக்கா, இந்தப் புதன் பாட்டில எடுத்துட்டு வா. ஒரு தூசி துரும்பு விடாம அவங்க கண்ணு முன்னால நிக்க வெச்சிடறேன்."

"நெசமாவாடா? மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

"என்னை நம்புக்கா."

இந்த இடத்தில் அவர் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். கேட்ட கேள்விக்கு அவர் உண்மையைச் சொன்னார். "படம் இதவிட நல்லா வர என்ன செய்யணும்?" என்று பொறியாளர் கேட்டதற்கு, "நம்ம நெட் கனெக்‌ஷன் ஒல்லியானது சார். எவ்வளவு அசைவு இருக்கோ அவ்வளவு சுமை. எதுவும் அசையலைன்னா படம் கண்ணாடி மாதிரி வரும்," என்றார்.

பொறியாளர் சூப்பிரண்டைப் பார்த்தார். சூப்பிரண்டு பேனாவை எடுத்தார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'நேரலையின் தரம் கருதி, கூட்ட நேரத்தில் அலுவலர்கள் எவ்வித அசைவிலும் ஈடுபடலாகாது. மின்விசிறிகள் நிறுத்தப்படும். கட்டம் போட்ட சட்டை தடை செய்யப்படுகிறது. கோப்புகளைப் புரட்டுதல், தேடுதல், எழுதுதல் ஆகியன படத்தைப் பாதிக்கும் என நிபுணர் கருத்துத் தெரிவித்துள்ளதால் அவை தவிர்க்கப்படும். பொதுமக்கள் கொண்டுவரும் மாதிரிப் பொருட்கள் அரை மணி முன்னதாகவே மேசைமேல் வைக்கப்பட்டு, அசைக்கப்படாமல் இருத்தல் வேண்டும்.' வேலை செய்யாமல் இருப்பதற்கு முதன்முறையாக ஒரு தொழில்நுட்பக் காரணம் கிடைத்துவிட்டதில் ஊழியர்கள் கண்கலங்கினார்கள்.

புதன்கிழமை அக்கா வந்தார். பாட்டிலைப் பத்தரை மணிக்கே வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு ஒருவரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு. லைவு கேமராவைப் பாட்டிலை நோக்கித் திருப்பினார்.

அரை மணி நேரத்தில் சேறு முழுவதும் அடியில் தங்கிவிட்டிருந்தது. பாட்டிலில் ஏற்கெனவே ஒட்டியிருந்த லேபிள் அந்த அடிப்பாகத்தைப் பாந்தமாக மறைத்தது. மேலே தண்ணீர் பளிங்குபோல் நின்றது.

"அருமையான படம்!" என்றது ஸ்பீக்கர் போன். "தண்ணியும் நல்லாத்தானே இருக்கு? என்னம்மா புகார்?"

"மேடம், அது அடியில தங்கியிருக்கு மேடம்! இப்பப் பாருங்க!" அக்கா பாட்டிலை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். சேறு சுழன்று கிளம்பியது. பெட்டி சிவந்தது. படம் சில்லுச்சில்லாக உடைந்தது.

"ஐயோ, குலுக்காதீங்கம்மா! படம் போகுது!" பொறியாளர் உதட்டை அசைக்காமல் கத்தினார்.

"பொறியாளர், எனக்கு ஒண்ணும் தெரியல, மறுபடியும் செங்கல்தான் வருது!"

"கீழ வைங்கம்மா பாட்டில!"

அக்கா வைத்தார். படம் தெளிந்தது. மெல்ல மெல்லத் தண்ணீரும் தெளிந்தது. குலுக்கினால் படம் தெரியாது. குலுக்காவிட்டால் சேறு தெரியாது. மூன்று முறை முயன்றுவிட்டு அக்கா பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டார். சூப்பிரண்டு கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பை எழுதினார்: 'மாதிரித் தண்ணீர் தூய்மையாக இருந்தது நேரலை வாயிலாக உறுதி செய்யப்பட்டது. பின்னர் மனுதாரரே அதைத் தம் கைப்படக் கலக்கினார்.'

அன்று மாலை லைவு லாண்டரிக்குப் போனபோது அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒன்பது மாசமா அந்த ஆளுங்க என்னைத் திருப்பித் திருப்பி அனுப்பினாங்க. ஆனா ஒருத்தனும் நான் பொய் சொல்றேன்னு சொல்லலடா. உன் பெட்டி வந்துதான் சொல்லிச்சு."

லைவு, அக்கா மடித்து வைத்திருந்த விரிப்புகளைப் பார்த்தார். எல்லாம் டீக்கலர். எவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தாலும் டீக்கலர்தான். பாட்டிலில் இருக்கும் தண்ணீர் தெளியும். துணியில் ஏறிய நிறம் எங்கே போய்த் தெளியும்?

மறுநாள் அவர் பொறியாளர் அறைக்குப் போனார். "சார், பின்னால சுவத்துல ஈரக்கறை படிஞ்சு திட்டுத்திட்டா இருக்கு. பெரிய வெள்ளைத் துணியா ஒண்ணு பின்னால கட்டிட்டா படம் இன்னும் ஒரு படி மேல போகும்."

படி மேலே போவது என்றால் பொறியாளருக்கு உயிர். ஸ்டோர் அறையில் ஏதோ பழைய விழாவுக்கு வாங்கிய வெள்ளைத் திரைத்துணி தூசி படிந்து கிடந்தது. துவைக்க வேண்டும். பக்கத்தில் லாண்டரி எது என்று சூப்பிரண்டு கேட்டார். லைவு சொன்னார், துணியையும் அவரே எடுத்துப்போனார்.

துணியைப் பார்த்ததும் அக்கா தம்பியைப் பார்த்தார். "நம்ம தண்ணியில போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்க்கா. போடு."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. தொழில் முறைப்படி ரசீது எழுதினார். சாயம் போயிற்று, நிறம் மாறிற்று என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவது சகஜம் என்பதால், துணியை வாங்கும்போது அதன் நிறத்தையும் திருப்பிக் கொடுக்கும்போது அதன் நிறத்தையும் எழுதி, இரண்டுக்கும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைத் தாமும் வைத்துக்கொள்வது அவருடைய வழக்கம். துவைத்த துணியைப் பொட்டலமாகக் கட்டி அலுவலகத்தில் ஒப்படைத்தபோது சூப்பிரண்டு ரசீதின் இரண்டு நகலிலும் கையெழுத்துப் போட்டார், வட்ட சீலும் குத்தினார். நீட்டிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது இருபத்தேழு வருட அனுபவத்தில் வரும் கலை. பொட்டலத்தையும் அவர் பிரிக்கவில்லை.

மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, கூட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் துணியைப் பிரித்துக் கட்டினார்கள். கட்டிய பிறகுதான் பார்த்தார்கள். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை சுத்தமான டீக்கலர். பொறியாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியிருந்தால் படம் வேறு உடைந்திருக்கும்.

"என்னய்யா இது? வெள்ளைத் துணிதானே குடுத்தோம்?"

"கழட்டிடலாமா சார்?" என்றார் சூப்பிரண்டு.

"கழட்டினா சுவத்துல இருக்கற கறை தெரியுமே! நம்ம குழாயே ஒழுகுதுன்னு மேடம் கேப்பாங்க."

சூப்பிரண்டு இரண்டு வாரமாகத் தொழில்நுட்பம் கற்று வந்தவர். அவர் முகம் பிரகாசித்தது. "சார், கேமராவுல ஒரு பட்டன் இருக்கு. எது வெள்ளைன்னு நாமதான் அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். இதான் வெள்ளைன்னு சொல்லிட்டா, அது மிச்சத்தைப் பாத்துக்கும். லைவு, அமுக்குப்பா!"

லைவு கேமரா பக்கத்தில் நின்றார். விரல் பட்டனுக்கு அருகில்தான் இருந்தது. எட்டு வருடத்தில் சொன்ன பட்டனையெல்லாம் அமுக்கியவர். "நான் அமுக்க மாட்டேன் சார்," என்றார். விரலை எடுத்துக்கொண்டார். "இது வெள்ளைன்னு நான் சொல்ல மாட்டேன்."

"உன்னை யாரு சொல்லச் சொன்னது? கேமராதானே சொல்லப் போகுது," என்று சூப்பிரண்டே வந்து அமுக்கினார்.

அறிவியல் தன் கடமையைச் செய்தது. திரையில் துணி பாலாக வெளுத்தது. பழுப்பை வெள்ளையாக்கிய அதே கணக்கில் மற்ற எல்லாம் நீலத்துக்குப் போயிற்று. பொறியாளர் நீலம். சூப்பிரண்டு அடர் நீலம். நீல மனிதர்கள் வெள்ளைத் திரைக்கு முன்னால் அசையாமல் அமர்ந்திருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது.

"பிரமாதம்!" என்றது ஸ்பீக்கர் போன். "என்ன வெள்ளை, என்ன துல்லியம்! மத்த ஆபீசுக்கெல்லாம் உங்களைத்தான் உதாரணமாச் சொல்லப் போறேன். ஆனா ஏன் எல்லாரும் நீலமா இருக்கீங்க?"

"குளிர் மேடம்," என்றார் பொறியாளர். மின்விசிறி நின்று வியர்வை அவர் காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அக்காவின் முறை வந்தது. கையில் பாட்டில் இல்லை. ஒரு காகிதம் இருந்தது. அவர் அதைக் கேமராவுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்து, சிலைபோல் நின்றார். லைவு கேமராவை மெல்லத் திருப்பி, அந்தக் காகிதத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அசைக்காதய்யா, படம் உடையும்!" என்று பொறியாளர் பல்லைக் கடித்தார்.

"அசைக்கல சார். நிலையாத்தான் வெச்சிருக்கேன்."

காகிதம் திரை முழுக்க நிறைந்தது. காகிதமும் நீலமாகத்தான் தெரிந்தது. ஆனால் எந்த நிறத்தில் காட்டினாலும் எழுத்து எழுத்துதானே. அசையாத எழுத்தைப் போல அந்தப் பெட்டிக்குப் பிடித்தது வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் துல்லியமாக நின்றது. இயக்குநர் சத்தமாகவே படித்தார்.

"'வாங்கியது: திரைத்துணி ஒன்று. நிறம் வெள்ளை. கொடுத்தது: திரைத்துணி ஒன்று. நிறம் பழுப்பு. சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்.' ஓ. சீல் யாரோடது?"

"நம்மளோடதுதான் மேடம்," என்றார் பொறியாளர்.

"நடுவுல என்னம்மா ஆச்சு? வெள்ளை எப்படிப் பழுப்பாச்சு?"

"நடுவுல ஒண்ணும் ஆகல மேடம்," என்றார் அக்கா, காகிதத்தை அசைக்காமல். "உங்க தண்ணியில ஒரு தடவை அலசினேன். அவ்வளவுதான்."

ஒரு முழு நிமிடம் ஒருவரும் அசையவில்லை. பெட்டியின் பதிவேட்டில் அந்த ஒரு நிமிடம்தான் அலுவலக வரலாற்றிலேயே மிக உயர்ந்த தரம் என்று இன்றும் இருக்கிறது.

"படம்... ரொம்ப நல்லாத் தெரியுது," என்றார் இயக்குநர். போன் துண்டிக்கப்பட்டது.

அதன் பிறகு எடுக்கப்பட்ட நடவடிக்கை நாலு நாள் சாதனையையும் முறியடித்தது. மறுநாள் மத்தியானமே உத்தரவு வந்துவிட்டது. 'ஆவணங்கள் வாசிக்கப்படும் அளவுக்கு நேரலையின் தரம் இருத்தல் நிர்வாக நலனுக்கு உகந்ததன்று. எனவே வெளிப்புற என்கோடர் உடனடியாகத் திரும்பப் பெறப்படுகிறது.' ஒயர்களை லைவுதான் பிடுங்கினார். பெட்டியை ஸ்டோர் அறையில் இடமில்லாததால் மாடிப்படியில், ஏற்கெனவே தயாராக இருந்த தகரக் கூரையின் கீழ் வைத்தார்கள். சூப்பிரண்டின் தொலைநோக்கை அன்று எல்லோரும் பாராட்டினார்கள். குழாய்க் கோப்பு நாலாவது மேசைக்கு நகர்ந்தது. மூன்றாவது மேசைக்கு வர்ணம் அடிக்கிறார்கள்.

அடுத்த புதன்கிழமை அக்கா வந்தார். அதே பாட்டில். லேப்டாப் பழைய இடத்தில் இருந்தது, சூப்பிரண்டு சீட்டில் ஜெயித்துக்கொண்டிருந்தார், பொறியாளர் நாலு சதுரமாக இருந்தார். கேமராவுக்குப் பின்னால் நின்ற லைவு முதன்முறையாக ஒளிவுமறைவு இல்லாமல், "வாக்கா," என்றார்.

"லாட்ஜ் போயிடுச்சு மேடம்," என்றார் அக்கா. "'வெள்ளைத் துணி வாங்கப்படாது'ன்னு கடையில போர்டு மாட்டிட்டேன். தண்ணி மட்டும் அப்படியேதான் வருது. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"அடடா," என்றது ஸ்பீக்கர் போன் உண்மையான வருத்தத்துடன். "நான் பாத்து ஏதாவது சொல்லலாம்னா, படம் ரொம்ப மங்கலா இருக்கேம்மா. பொறியாளர், முதல்ல படத்தை..."

"பரவாயில்ல மேடம், அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்று அக்கா பாட்டிலைப் பைக்குள் வைத்தார். "படம் எப்படி இருந்தாலும், உங்க எல்லாரையும் எங்களுக்கு நல்லாவே தெரியுது."